வட்டமிட்ட குழாய்: ஒரு விவசாயியின் கருவி உலகத் தொழிலான கதை

வயலில் ஒரு வேலை கஷ்டமாக இருந்தால், அதை லேசாக்க எதையாவது செய்து பார்ப்பது விவசாயியின் இயல்பு. பழைய சைக்கிள் சக்கரத்தில் களை எடுக்கும் கருவி செய்தவர்களும், மோட்டார் சைக்கிளின் பின்பகுதியைக் கழற்றிக் கலப்பை பூட்டியவர்களும் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் இப்படிப் பிறக்கும் கருவிகளில் பெரும்பாலானவை செய்தவரின் தோட்டத்தோடு நின்றுவிடுகின்றன. மிஞ்சிப்போனால் பக்கத்து ஊர்வரை போகும். அபூர்வமாக ஒன்றிரண்டுதான் பட்டறையைத் தாண்டித் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து உலகச் சந்தைக்கு வருகின்றன.

அப்படி வந்த ஒன்றுதான் ‘சென்டர் பிவட்’ எனப்படும் வட்டப் பாசன எந்திரம். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு விவசாயி இதை உருவாக்கினார். இன்று அமெரிக்காவிலிருந்து சவூதி அரேபியாவின் பாலைவனம் வரை இது சுழன்றுகொண்டிருக்கிறது. அந்த விவசாயிக்கு அறிவு இருந்தது, கைத்திறன் இருந்தது. அவை மட்டுமே போதுமானதாக இருந்திருந்தால் இந்தக் கதை அவர் தோட்டத்திலேயே முடிந்திருக்கும். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கண்ணில் பட்ட கஷ்டம்

அவர் பெயர் ஃபிராங்க் ஜைபாக். 1894இல் பிறந்தவர். நெப்ராஸ்கா மாநிலத்தின் கொலம்பஸ் நகரையொட்டிய பகுதியில் வளர்ந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கொல்லர். இரும்பைக் காய்ச்சி அடித்து, வளைத்து, ஒட்டவைக்கும் வேலை மகனுக்குச் சிறு வயதிலேயே கைவந்துவிட்டது. டிராக்டர் தானாகவே உழவுச்சாலைப் பிடித்துப் போக ஒரு வழிகாட்டிக் கருவியையும் இளமையில் அவர் வடிவமைத்திருந்தார். எதைப் பார்த்தாலும் ‘இதற்கு ஏன் இவ்வளவு ஆள் வேண்டும்?’ என்று கேட்கிற மனம் அவருக்கு.

பின்னாளில் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்குக் கிழக்கே உள்ள ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் விவசாயம் செய்தார். மழை குறைந்த சமவெளி அது. 1930களில் வறட்சியும் புழுதிப்புயலும் அந்தப் பக்கத்து விவசாயிகளைப் புரட்டிப் போட்டிருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதிக நீரை இறைக்கும் பம்புகள் வந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. அலுமினியக் குழாய்கள் மலிந்தன. தெளிப்பு நீர்ப்பாசனம் பரவத் தொடங்கியது.

1947இல் ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஒரு பண்ணையில் பாசனச் செயல்விளக்கம் நடந்தது. ஜைபாக் போய்ப் பார்த்தார். வயலில் அலுமினியக் குழாய்களை நீளமாக இணைத்து, இடையிடையே தெளிப்பான்களைப் பொருத்தியிருந்தார்கள். ஒரு பட்டைக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் பம்பை நிறுத்தினார்கள். ஆட்கள் சேற்றில் இறங்கிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தூக்கிக்கொண்டு நடந்துபோய் அடுத்த பட்டையில் மறுபடி மாட்டினார்கள். வயல் முழுவதும் நனையும்வரை இதே வேலைதான்.

எல்லோரும் தெளிப்பான் பீய்ச்சியடித்த தண்ணீரைப் பார்த்தார்கள். ஜைபாக் சேற்றில் குழாய் சுமந்த ஆட்களைப் பார்த்தார். குழாயைத் தானாக நகர வைத்துவிட்டால் இந்த வேலையே இருக்காதே என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது.

எந்திரம் எப்படிச் சுற்றுகிறது?

1948இல் ஜைபாக் ஒரு சிறிய மாதிரியைச் செய்தார். அடிப்படை மிக எளியது. வயலின் நடுவே தண்ணீர் வரும் இடத்தில் குழாயின் ஒரு முனையைச் சுழலும் மூட்டில் பொருத்துவது. மீதிக் குழாயைச் சக்கரம் வைத்த கோபுரங்களின் மேல் தூக்கி நிறுத்துவது. கோபுரங்கள் நகர்ந்தால், கடிகார முள்போலக் குழாய் மையத்தைச் சுற்றி வரும். ஒரு சுற்று முடியும்போது அந்த வட்டம் முழுவதும் நனைந்திருக்கும்.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது மூன்று சிக்கல்கள் எழுந்தன.

முதல் சிக்கல், கோபுரங்களை நகர்த்துவது யார்? வயலின் நடுவே மின்கம்பி இழுப்பது அன்று சுலபமில்லை. ஜைபாக் குழாயில் ஓடும் தண்ணீரையே வேலைக்காரனாக்கினார். ஒவ்வொரு கோபுரத்திலும் ஓர் உருளையும் அதற்குள் ஓர் உந்துதண்டும் இருந்தன. தண்ணீரின் அழுத்தம் உந்துதண்டைத் தள்ளும். அதோடு இணைந்த இரும்புச் சட்டம் சக்கரத்தின் பல்லைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பும். உருளையில் இருந்த நீர் வெளியேறியதும் மறுபடி நிரம்பும், மறுபடி தள்ளும். தனியாக என்ஜின் கிடையாது, எரிபொருளும் கிடையாது.

இரண்டாவது சிக்கல், வேகம். இன்று வழக்கத்தில் இருக்கும் அளவை வைத்துப் பார்ப்போம். மையத்திலிருந்து 400 மீட்டர் நீளும் ஒரு குழாய் மூன்று நாளில் ஒரு சுற்று வருகிறது என்று கொள்ளுங்கள். மையத்திலிருந்து 100 மீட்டரில் உள்ள கோபுரம் மணிக்கு 9 மீட்டருக்கும் குறைவாக நகர்ந்தால் போதும். கடைசிக் கோபுரமோ மணிக்கு 35 மீட்டர் நகர வேண்டும். எந்தக் கோபுரம் முந்தினாலும் பிந்தினாலும் குழாய் வளைந்து முறிந்துவிடும்.

இதற்கு ஜைபாக் கண்ட வழியில்தான் அவருடைய கைத்திறன் முழுதாகத் தெரிகிறது. கோபுரங்களுக்கு இடையே கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றைத் தண்ணீர் வால்வுகளோடு இணைத்தார். ஒரு கோபுரம் வரிசையிலிருந்து பின்தங்கினால் கம்பி இழுபடும். வால்வு அதிகமாகத் திறக்கும். கூடுதல் தண்ணீர் போய் அந்தக் கோபுரம் வேகம் பிடிக்கும். முந்திப்போனால் வால்வு சுருங்கி வேகம் தணியும். கடைசிக் கோபுரத்தின் வேகத்தை விவசாயி தீர்மானித்தால் போதும், மற்றவை அதைப் பார்த்துத் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், ஒரு கம்பியும் ஒரு வால்வும் இந்தத் தன்னியக்கத்தைச் சாதித்தன.

மூன்றாவது சிக்கல், சீரான நனைப்பு. வட்டத்தின் உள்பக்கம் சிறியது, வெளிப்பக்கம் பெரியது. அதே 400 மீட்டர் குழாயில், மையத்தை ஒட்டிய முதல் 100 மீட்டர் நனைக்க வேண்டியது மொத்தப் பரப்பில் பதினாறில் ஒரு பங்குதான். கடைசி 100 மீட்டரோ பதினாறில் ஏழு பங்கை நனைக்க வேண்டும். எல்லாத் தெளிப்பான்களும் ஒரே அளவாக இருந்தால் நடுவில் பயிர் அழுகும், ஓரத்தில் வாடும். அதனால் மையத்தில் சிறிய துளை, வெளியே போகப் போகப் பெரிய துளை என்று தெளிப்பான்களின் அளவை மாற்றிக்கொண்டே போக வேண்டும். இன்றும் சென்டர் பிவட் வாங்குபவரின் வயலுக்கும் பம்புக்கும் ஏற்பக் கணக்குப் போட்டுத்தான் தெளிப்பான் வரிசையை அமைத்துக் கொடுக்கிறார்கள்.

இந்த எந்திரத்தால் இன்னொரு பலனும் கிடைத்தது. வாய்க்கால் பாசனத்துக்கு நிலம் சமமாக இருக்க வேண்டும். மேடு பள்ளமான நிலத்திலும், விட்ட தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும் மணல் நிலத்திலும் வாய்க்கால் பயன்படாது. சக்கரத்தில் நகரும் குழாய்க்கு அந்தத் தடை இல்லை. பயிருக்கு உதவாது என்று ஒதுக்கியிருந்த நிலங்கள்கூடச் சாகுபடிக்கு வந்தன.

காப்புரிமையும் பங்காளியும்

இங்கேதான் கதை வழக்கமான பாதையிலிருந்து விலகுகிறது. ஜைபாக் தன் கருவியை வயலில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டதோடு நிற்கவில்லை. 1949இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1952 ஜூலையில் அது கிடைத்தது. எந்தக் கண்டுபிடிப்பாளரும் கவனிக்க வேண்டிய வரிசை இது: மாதிரி, சோதனை, உடனே காப்புரிமை விண்ணப்பம், பிறகு வியாபாரம்.

அடுத்த தேவை முதலீடு. ஜைபாக் தன் பழைய ஊரான கொலம்பஸைச் சேர்ந்த நண்பர் ஏ.ஈ. டிரோபிரிட்ஜை நாடினார். காப்புரிமையில் 49 சதவீதப் பங்கை 25,000 டாலருக்கு டிரோபிரிட்ஜ் வாங்கிக்கொண்டார். 51 சதவீதம் ஜைபாக்கிடமே இருந்தது. பணமும் வந்தது, உரிமையும் கைவிட்டுப் போகவில்லை. இருவரும் கொலம்பஸில் எந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

இரண்டு ஆண்டுகளில் அவர்களால் செய்ய முடிந்தவை 19 எந்திரங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய கையாலேயே செய்தது. ஒன்றை விற்றால் அதை வயலில் நிறுவிக் கொடுக்க வேண்டும். பழுதானால் ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். வால்வு அடைத்துக்கொள்ளும், சக்கரம் சேற்றில் புதையும். புதிய எந்திரத்தை வாங்கிய விவசாயிக்கு அது நின்றுபோனால் பயிர் போய்விடும், பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

வயலில் வேலை செய்யும் ஒரு கருவியைச் செய்வதும், ஆயிரம் பேர் நம்பி வாங்கும் ஒரு பொருளைத் தயாரிப்பதும் இரண்டு வேறு தொழில்கள். முதலாவது ஜைபாக்குக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது தன்னால் ஆகாது என்பதையும் அவர் சீக்கிரமே உணர்ந்தார். என் கணிப்பில், அந்தக் கம்பியையும் வால்வையும்விடப் பெரிய அறிவு இதுதான்.

ஏழு எந்திரங்களில் தொடங்கிய தொழிற்சாலை

நெப்ராஸ்காவில் வேலி என்ற சிற்றூரில் ராபர்ட் டாகர்ட்டி என்ற இளைஞர் ஒரு சிறிய தொழிற்கூடம் நடத்திவந்தார். போரில் அமெரிக்க மரைன் படை வீரராகப் பணியாற்றித் திரும்பியவர். 1946இல் தன் சேமிப்பான 5,000 டாலரை அதில் போட்டிருந்தார். தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டர் போன்ற பண்ணைக் கருவிகளை அங்கே செய்தார்கள்.

1954இல் ஜைபாக்கும் டிரோபிரிட்ஜும் தயாரிப்பு உரிமையை டாகர்ட்டியின் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். விற்கும் ஒவ்வொரு எந்திரத்துக்கும் 5 சதவீத ராயல்டி, அதுவும் காப்புரிமை முடியும் 1969 வரை. கண்டுபிடித்தவர் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகியிருந்தால் பின்னால் வந்த வளர்ச்சியில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ராயல்டி ஒப்பந்தம் என்பதால், தொழில் வளர வளர அவருக்கும் வருமானம் வந்தது.

ஆனால் வளர்ச்சி உடனே வரவில்லை. முதல் ஆண்டில் டாகர்ட்டியின் தொழிற்கூடம் தயாரித்தவை ஏழு எந்திரங்கள். அடுத்த பத்து ஆண்டுகள் பெரும்பாலும் திருத்துவதிலேயே போயின. முதலில் வந்த எந்திரங்களில் குழாய் தாழ்வாக இருந்தது. குதிரைமசால் போன்ற குட்டையான பயிருக்கு அது போதும். ஆளுயரத்தைத் தாண்டும் மக்காச்சோளத்துக்குப் போதாது. கோபுரங்களை உயர்த்தினார்கள். உயரம் கூடியதும் காற்றுக்குச் சாயாமல் இருக்கச் சட்டங்களை வலுவாக்கினார்கள்.

தண்ணீரால் இயங்கும் முறையிலும் குறை இருந்தது. தண்ணீர் ஓடும்போதுதான் எந்திரம் நகரும். பாசனம் இல்லாத நேரத்தில் அதை நகர்த்த வழியில்லை. அதனால் தண்ணீருக்குப் பதில் ஒவ்வொரு கோபுரத்திலும் மின்மோட்டார் வந்தது. ஜைபாக்கின் கம்பியும் வால்வும் செய்த வேலையை, குழாய் வளையும் கோணத்தை உணரும் சிறு மின்விசைகள் எடுத்துக்கொண்டன. பின்தங்கும் கோபுரத்தின் மோட்டார் ஓடும், வரிசைக்கு வந்ததும் நிற்கும். பொருள் மாறியது, ஜைபாக்கின் தத்துவம் மாறவில்லை.

1967இல் அந்த நிறுவனம் ‘வால்மாண்ட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வேலி, அருகிலுள்ள ஃப்ரீமாண்ட் ஆகிய இரண்டு ஊர்ப் பெயர்களின் சேர்க்கை அது. பாசன எந்திரத்துக்காகக் குழாய் செய்யப் பழகியவர்கள் அதே திறமையை வைத்துத் தெருவிளக்குக் கம்பங்களும் மின்கம்பங்களும் செய்யத் தொடங்கினார்கள். இன்று வால்மாண்ட் பல நாடுகளில் இயங்கும் பெரிய நிறுவனம். ‘வேலி’ என்ற அந்தச் சிற்றூரின் பெயரே அதன் பாசன எந்திரங்களின் வணிகப் பெயராக நிலைத்துவிட்டது.

காப்புரிமை முடிந்த பிறகு

அமெரிக்காவில் அன்றைய சட்டப்படி காப்புரிமை 17 ஆண்டுகளுக்குத்தான். 1969இல் ஜைபாக்கின் காப்புரிமை காலாவதியானது. யார் வேண்டுமானாலும் சென்டர் பிவட் செய்யலாம் என்றானதும் போட்டி சூடுபிடித்தது. லிண்ட்சே, ரைன்கி, டி-எல் ஆகிய மூன்று நிறுவனங்கள் இதில் முன்னுக்கு வந்தன. வால்மாண்டைப் போலவே இந்த மூன்றும் நெப்ராஸ்காவில் வேர்விட்டவை. உலகின் முக்கியமான சென்டர் பிவட் நிறுவனங்கள் நான்கும் ஒரே மாநிலத்தில் பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. வாங்கும் விவசாயி பக்கத்திலேயே இருந்தார். எது பழுதாகிறது, ஏன் பழுதாகிறது என்பது மறுநாளே தொழிற்கூடத்துக்குத் தெரிந்துவிடும். வேளாண் கருவித் தொழிலுக்கு வயலின் அருகாமைதான் பெரிய ஆய்வுக்கூடம்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ப்ளின்டர் 1976இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் சென்டர் பிவட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினார். உழவு மாட்டின் இடத்துக்கு டிராக்டர் வந்ததற்குப் பிறகு விவசாயத்தில் நிகழ்ந்த ஆகப்பெரிய எந்திரப் புதுமையாக இது இருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. அதைப் பார்க்க ஜைபாக் உயிரோடு இருந்தார். 1980இல் காலமானார்.

தண்ணீர்க் கணக்கு

இந்த எந்திரத்தின் வெற்றியைச் சொல்லிவிட்டு அது இறைத்த தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

அமெரிக்காவின் அந்தச் சமவெளியில் நிலம் 160 ஏக்கர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் சுற்றும் ஒரு சென்டர் பிவட் ஏறத்தாழ 130 ஏக்கரை நனைக்கும். நான்கு மூலைகளும் காய்ந்து கிடக்கும். (மூலைகளுக்கும் நீளும் கூடுதல் கைகள் பின்னாளில் வந்தன.) அந்த 130 ஏக்கருக்கும் 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமமாகத் தண்ணீர் கொடுக்க ஏறத்தாழ 1.3 கோடி லிட்டர் தேவை. மூன்று நாளில் கொடுத்து முடிக்க நிமிடத்துக்கு 3,000 லிட்டர் இறைக்க வேண்டும். இது ஒரே ஒரு எந்திரத்தின் கணக்கு.

இந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ஒகல்லாலா என்ற நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து வருகிறது. தெற்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை எட்டு மாநிலங்களின் அடியில் பரந்து கிடக்கிறது அது. மழை குறைந்த பகுதிகளில் அது மீண்டும் ஊறுவது மிக மெதுவாகத்தான். டெக்சாஸின் வடமேற்கிலும் கான்சாஸின் மேற்கிலும் பல இடங்களில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிட்டது. சவூதி அரேபியாவும் இதே எந்திரங்களை வைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைத்தது. நிலத்தடி நீர் கரைவதைக் கண்டு, அரசே கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016இல் நிறுத்தியது.

குற்றம் முழுவதையும் எந்திரத்தின் மேல் போட முடியாது. பாத்தியில் பாய்ச்சுவதைவிடக் குறைந்த தண்ணீரில் ஒரு ஏக்கரை நனைக்க அதனால் முடியும். 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸில், தெளிப்பான்களைக் குழாயிலிருந்து கீழே தொங்கவிட்டுத் தரைக்கு அருகில் குறைந்த அழுத்தத்தில் நீர் விடும் முறையை உருவாக்கினார்கள். காற்றில் வீணாகும் தண்ணீர் பெருமளவு குறைந்தது. ஆனால் ஏக்கருக்கு மிச்சமான தண்ணீரைக் கொண்டு இன்னும் அதிக ஏக்கர் பயிரிட்டால் படுகைக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது. எந்திரத்தோடு கட்டுப்பாடும் வந்தால்தான் நீர் நிற்கும். கான்சாஸின் ஷெரிடன் வட்டாரத்தில் விவசாயிகளே கூடிப் பேசி, 2013 முதல் ஐந்தாண்டுகளுக்கு நீர் எடுப்பை 20 சதவீதம் குறைப்பது என்று முடிவெடுத்து நடைமுறைப்படுத்தினார்கள். டாகர்ட்டியும் தன் கடைசிக் காலத்தில் இந்தப் பிரச்சினைக்கே பணம் கொடுத்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில், உணவு விளைவிக்கத் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றி ஆராயும் நிலையம் அவர் பெயரில் இயங்குகிறது.

கருவி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை

சென்டர் பிவட் பரந்த சமவெளிக்கான எந்திரம். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. ஆனால் அது வளர்ந்த வழி எந்த ஊர்க் கருவிக்கும் பொருந்தும்.

உங்கள் பட்டறையில் ஒரு கருவி பிறந்திருந்தால், அதை ஊருக்குக் காட்டும் முன்பே காப்புரிமையைப் பற்றி விசாரியுங்கள். பொதுவெளியில் காட்டிவிட்ட பிறகு விண்ணப்பித்தால், அது புதியதல்ல என்று மறுக்கப்படலாம். இந்தியச் சட்டப்படி விவசாய முறைக்குக் காப்புரிமை கிடையாது. விவசாயக் கருவிக்கு உண்டு, அதன் காலம் 20 ஆண்டுகள். வேலை முழுதாக முடியாவிட்டாலும் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். சென்னையிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. பள்ளிப்படிப்பு இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கும் கைகொடுப்பதற்காக, குஜராத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கண்டுபிடிப்பு நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து செயல்படுகிறது.

பிறகு, தயாரிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று நிற்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு விற்றுவிடவும் வேண்டாம். ராயல்டியை எழுத்தில் பெறுங்கள். வாங்கிய விவசாயி சொல்லும் ஒவ்வொரு குறையையும் குறித்து வைத்துத் திருத்துங்கள். முதல் ஆண்டு ஏழுதான் விற்றது என்றால் மனம் தளராதீர்கள். உலகைச் சுற்றிய ஒரு தொழில் அந்த எண்ணில்தான் தொடங்கியது.